32-ல ஒண்ணு காணோம்

அக்கா பையன் போன் பண்ணும்போது ராத்திரி பத்தரை மணி இருக்கும். "மாமா, கார்டு உடைஞ்சிருச்சு மாமா"ன்னான், அதுக்கு மேல பேச்சு வரல. பன்னெண்டாவது படிக்கற பையன். மூணு வருஷமா பொங்கல் காசு, பொறந்தநாள் காசு, பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுத்து வந்த காசு எல்லாத்தையும் சேத்து வெச்சு 7,500 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல அனிமேஷன் பண்ணணும்னு அவனுக்கு ஆசை, வீட்ல இருந்த பழைய சிஸ்டத்துல ஒரு ஃப்ரேம் ரெண்டர் ஆகறதுக்குள்ள சாப்ட்டு கை கழுவிட்டு வந்துடலாம். கார்டு வந்த அன்னிக்கே கேபினட்டுக்குள்ள வெக்கறப்போ ஹார்ட் டிஸ்க் வெக்கற இரும்புக் கூண்டுல கார்டோட மூலை மாட்டிக்கிச்சு, இவன் கொஞ்சம் அழுத்தித் தள்ளியிருக்கான், டக்குனு ஒரு சத்தம், குனிஞ்சு பாத்தா ஒரு சின்ன வெள்ளி டப்பா கீழ உருண்டு கெடக்கு.

போட்டோ அனுப்பச் சொன்னேன். டப்பா தலையில 270ன்னும் 16ன்னும் போட்டிருந்துச்சு. 270 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர், பவர் கனெக்டருக்குப் பக்கத்துல 12 வோல்ட் லைன்ல நிக்கறது. கறுப்பு பிளாஸ்டிக் அடியும் பாதி அறுந்த ரெண்டு காலும் போர்டுலயே நிக்குது, டப்பா மட்டும் பிச்சுக்கிட்டு வந்துருச்சு. "ஆன் பண்ணிப் பாத்தியா?"ன்னு கேட்டேன். "இல்ல மாமா, பயமா இருந்துச்சு"ன்னான். அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு, ஏன்னா அறுந்த கால் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு தொட்டுட்டு இருந்தா 12 வோல்ட் நேரா கிரவுண்டுக்குப் போயிடும், அதுக்கப்புறம் கெப்பாசிட்டரோட போகுமா இல்ல வேற எதையாவது கூட்டிட்டுப் போகுமான்னு யாரும் சொல்ல முடியாது.

மறுநாள் அவன் ஏரியாவுல ஒரு கடையில காட்டியிருக்கான். அவங்க திருப்பிக்கூடப் பாக்காம "போர்டு போச்சு, வேற வாங்கிக்கோ"ன்னு சொல்லிட்டாங்க. எனக்கு அதைக் கேட்டு நெஜமாவே வலிச்சுது. சிப் நல்லாயிருக்கு, மெமரி நல்லாயிருக்கு, ஃபேன் நல்லாயிருக்கு, இருபது முப்பது ரூபா சாமான் ஒண்ணு கழண்டதுக்கு மொத்தக் கார்டும் குப்பையா? அப்ப அந்தப் பையன் மூணு வருஷம் சேத்ததுக்கு என்ன கணக்கு?

இந்தக் கெப்பாசிட்டர் என்ன வேலை பண்ணுதுன்னு அவனுக்கு நான் மொட்டைமாடி டேங்க்கை வெச்சுத்தான் சொன்னேன். கீழ மோட்டார் ஒரே சீரா தண்ணி ஏத்தும், ஆனா வீட்ல ஒரே நேரத்துல நாலு குழாய் தொறந்தா அந்த நிமிஷம் தண்ணி குடுக்கறது மோட்டார் இல்ல, டேங்க். 1060 கார்டுக்கு 120 வாட் கணக்கு, அதுல மதர்போர்டு ஸ்லாட்ல இருந்து 75 வாட் வரைக்கும் எடுத்துக்கலாம், 6 பின் கனெக்டர்ல இன்னொரு 75 வாட். வர்றது 12 வோல்ட், ஆனா சிப்புக்கு வேண்டியது ஒரு வோல்ட் பக்கத்துல, அதனால ஆம்பியர் பல மடங்கு ஏறிடும். அந்த 12-ஐ ஒண்ணாக்கற சர்க்யூட் நொடிக்கு லட்சக்கணக்கான தடவை ஆன் ஆஃப் ஆகி மடக்கு மடக்கா கரண்ட் குடிக்குது, கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ் பெட்டி ஒரு முழம் ஒயருக்கு அந்தப் பக்கம் இருக்கு, அந்த மடக்குக்கெல்லாம் அது ஓடி வந்து ஊத்த முடியாது. பக்கத்துலயே நிக்கற இந்த டப்பாதான் ஊத்தும். ஒண்ணு போனா மத்த டப்பாங்க மேல சுமை ஏறும், சூடாகும், வோல்டேஜ் தள்ளாடும், கார்டு ஓடற மாதிரி ஓடி ஒரு நாள் ரெண்டர் நடுவுல நின்னாலும் நின்னுடும்.

நான் டிப்ளமோ படிச்ச காலத்துல கெப்பாசிட்டர்னாலே வீங்கின தலைதான் ஞாபகம் வரும். 2000-களோட ஆரம்பத்துல வந்த மதர்போர்டுங்க ரெண்டு வருஷத்துல சாகும், தொறந்து பாத்தா சிபியு பக்கத்துல வரிசையா நிக்கற கெப்பாசிட்டருங்க தலை உப்பி, சிலது பழுப்புக் கலர்ல கக்கி வெச்சிருக்கும். உள்ள இருக்கற எலக்ட்ரோலைட் திரவத்துல தண்ணி ஜாஸ்தி, அந்தத் தண்ணி அலுமினியத்தை அரிக்காம தடுக்க வேண்டிய சேர்மானம் சரியில்ல, அதனால ஹைட்ரஜன் வாயு உண்டாகி டப்பாவை உப்ப வெச்சுது. தலையில கே மாதிரியோ பெருக்கல் குறி மாதிரியோ கீறல் போட்டிருக்கறது எதுக்குன்னா, வெடிக்காம அந்த எடத்துல மெதுவா பிளந்து வாயு வெளிய போகத்தான். இப்ப கிராஃபிக்ஸ் கார்டுல வர்ற டப்பாங்க பெரும்பாலும் சாலிட் வகை, உள்ள திரவமே கெடையாது, பாலிமர். அதனால அதுங்க தானா வீங்கிச் சாகறது ரொம்பக் கம்மி. இப்ப வர்ற சேதம் நெறைய கை பட்டு, ஸ்க்ரூடிரைவர் பட்டு, கூரியர்ல அடிபட்டு வர்றதுதான். அதாவது சிப்புக்கு ஒண்ணும் ஆகாத சேதம், சரி பண்ணக்கூடிய சேதம்.

அதனால நானே பண்ணிடலாம்னு உக்காந்தேன். என்கிட்ட இருந்தது 25 வாட் சால்டரிங் அயர்ன், ஊசி மாதிரி டிப். பழைய காலை எடுக்கணும்னு பாசிட்டிவ் பக்கம் வெச்சேன், கொஞ்ச நேரத்துல உருகிச்சு. கிரவுண்டு பக்கம் வெச்சேன், ஒரு நிமிஷம் ஆகியும் ஒட்டியிருக்கற ஈயம், அதாவது சால்டர், அசையல. அது ஏன்னு அப்ப எனக்குப் புரியல, இன்னும் அழுத்தினேன், காலை கொஞ்சம் ஆட்டினேன், அந்த ஆட்டத்துல எதுத்த பக்கம் இருந்த பாசிட்டிவ் பேட், அதாவது கால் ஒட்டியிருக்கற செம்புத் தகடு, தாள் மாதிரி உரிஞ்சு காலோட வந்துருச்சு. பையன் பக்கத்துலயே டார்ச் பிடிச்சுட்டு நின்னான், ஒண்ணுமே சொல்லல. அன்னிக்கு ராத்திரி நான் சரியா தூங்கல.

அடுத்த சனிக்கிழமை ரெண்டு பேரும் ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். கவர்ன்மென்ட் எஸ்டேட் மெட்ரோல எறங்கி மவுண்ட் ரோடு பக்கமா நடந்து உள்ள திரும்பினா நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருன்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணா போயிட்டே இருக்கும், எல்லாத்தையும் சேத்துத்தான் நாம ரிச்சி ஸ்ட்ரீட்னு சொல்றோம். மாடிப்படிக்கு அடியில ஆறுக்கு நாலு எடத்துல ஒரு பாய் உக்காந்திருக்கார், லேப்டாப் போர்டும் கிராஃபிக்ஸ் கார்டும் மட்டும்தான் பாப்பார். கார்டைக் கையில வாங்கினவர் மொதல்ல சேதமான எடத்தைப் பாக்கல, அதே மாதிரி பக்கத்துல நிக்கற மத்த டப்பாங்களைப் பாத்தார். "இவனும் 270, அவனும் 270. பக்கத்து வீட்டுக்காரன் சொன்னா சரியா இருக்கும் தம்பி"ன்னார். அப்புறம்தான் பிஞ்ச எடத்துக்கு வந்தார். "அயர்ன் யார் வெச்சா?"ன்னு கேட்டார். நான்தான்னு சொன்னேன். "கிரவுண்டு உருகலல்ல?" ஆமான்னேன். அதுக்கு மேல அதைப் பத்தி அவர் பேசல.

ஏன் உருகலன்னு வேலை பண்ணிக்கிட்டே சொன்னார். இந்த போர்டு ஒரே தகடு இல்ல, உள்ள அடுக்கடுக்கா செம்பு இருக்கு, கிரவுண்டு பேட் அத்தனை அடுக்கோடயும் சேந்திருக்கு, நாம வெக்கற சூட்டை மொத்த போர்டும் உறிஞ்சிடும். கம்பெனி போட்ட சால்டர்ல லெட் கெடையாது, ஐரோப்பாவுல 2006-ல சட்டம் வந்ததுக்கப்புறம் எல்லாரும் அதுக்கு மாறிட்டாங்க, அது உருக 217 டிகிரிக்கு மேல வேணும். நம்ம கடையில விக்கற லெட் கலந்தது 183-லயே உருகும். அதனால அவர் மொதல்ல கார்டை ப்ரீஹீட்டர் மேல வெச்சு அடியில இருந்து மெதுவா சூடு ஏத்தினார், போர்டு நல்லா கதகதன்னு ஆனப்புறம் பழைய சால்டரோட லெட் கலந்த புது சால்டரைக் கொஞ்சம் சேத்தார், கலந்தாலே உருகற சூடு எறங்கிடுது. டிப்பும் ஊசி இல்ல, உளி மாதிரி பட்டையானது. சின்ன வேலைக்கு சின்ன டிப்புன்னு நான் நெனச்சிருந்தேன், ஆனா ஊசி முனையால சூட்டைக் கொண்டு போய் சேக்க முடியாது, தொடற பரப்பு வேணும். ஈயம் நல்லா ஓட உதவற ஃப்ளக்ஸ் பசை வெச்சு பட்டை டிப்பை வெச்சதும் ரெண்டு செகண்ட்ல அந்தக் கால் தானா மிதந்து வந்துச்சு. ஒரு நிமிஷம் அழுத்தியும் நகராத அதே கால்.

உரிஞ்சு போன பேட்டுக்கு அவர் பண்ணினதை நான் பக்கத்துல இருந்து பாத்தேன். 12 வோல்ட் லைன் மெல்லிசு டிராக் இல்ல, அகலமான செம்புப் பரப்பு, மேல மாஸ்க்னு ஒரு கறுப்புப் பூச்சு பூசியிருக்காங்க அவ்ளோதான். பேட் இருந்த எடத்துக்குப் பக்கத்துல பிளேடால அந்த மாஸ்க்கை மெல்லச் சுரண்டினார், உள்ள இருந்து செம்பு ரோஸ் கலர்ல பளிச்சுனு வந்துச்சு, அதுல ஈயம் ஏத்தினார், புது பேட் ரெடி. அதைப் பாத்தப்போ எனக்கு ஒரு வாரமா நெஞ்சுல இருந்த கல்லு எறங்கின மாதிரி இருந்துச்சு.

கெப்பாசிட்டரை செத்த கார்டு ஒண்ணுல இருந்து எடுத்தார். ரேடியோ கடையில கெடைக்கற சாதா எலக்ட்ரோலைட்டிக் போட்டா ஆகாதான்னு பையன் கேட்டான். ஆகாது. மைக்ரோஃபாரட் ஒண்ணா இருந்தாலும் உள்ளுக்குள்ள இருக்கற ரெசிஸ்டன்ஸ், அதை இஎஸ்ஆர்னு சொல்வாங்க, பாலிமர்ல சில மில்லிஓம்தான், சாதா டப்பாவுல அதைவிட ரொம்ப ஜாஸ்தி. டேங்க் எவ்ளோ பெருசா இருந்தாலும் வெளிய வர்ற பைப்பு சின்னதா இருந்தா அவசரத்துக்கு தண்ணி வராதுல்ல, அதேதான். வோல்ட் கூட இருந்தா பரவால்ல, கொறையக் கூடாது. உயரமும் பாக்கணும், மேல ஹீட்சிங்க் வந்து உக்காரும்.

அப்புறம் எந்தப் பக்கம் நெகட்டிவ். இதுலதான் நெறைய பேர் கார்டை எரிச்சுடறாங்க. இந்த மாதிரி அலுமினிய டப்பாவுல தலையில கலர் அடிச்ச பக்கம் நெகட்டிவ். ஆனா சின்னச் செங்கல் மாதிரி இருக்கற டான்டலம் வகையில கோடு போட்ட பக்கம் பாசிட்டிவ், அப்படியே தலைகீழ். போர்டுல வட்டம் போட்டு பாதியை நெரப்பியிருப்பாங்க, அது பெரும்பாலும் நெகட்டிவ், ஆனா சில கம்பெனி போர்டுல அதுவும் தலைகீழா இருக்கும். அதனால பாய் எதையும் நம்பறதில்ல, மல்டிமீட்டர்ல ஒரு முனையை பிராக்கெட் ஸ்க்ரூ மேல வெச்சு எந்த பேட் கிரவுண்டுன்னு பாத்துட்டுத்தான் வெப்பார். வெச்சு முடிச்சப்புறம் 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் ஷார்ட் இருக்கான்னு பாத்தார். இதுல இன்னொண்ணு சொல்லணும், சிப்புக்குப் போற ஒரு வோல்ட் லைன்ல மீட்டரை பீப் மோடுல வெச்சா நல்ல கார்டுலயும் கத்தும், ஏன்னா பெரிய சிப்போட ரெசிஸ்டன்ஸே ஓம் கணக்குல ரொம்பக் கம்மி. அதைப் பாத்துட்டு ஷார்ட்னு முடிவு பண்ணி நல்ல கார்டைத் தூக்கிப் போட்டவங்க உண்டு.

எங்க கார்டு ஆறட்டும்னு வெச்சிருந்த நேரத்துல வேற ஒரு கார்டைப் பாத்தார், அது நெஜமாவே ஷார்ட். இதுல டப்பா காரணமில்ல, அரிசிக்குருணை மாதிரி நூத்துக்கணக்குல இருக்கற செராமிக் கெப்பாசிட்டர்ல ஏதோ ஒண்ணு உள்ள விரிசல் விட்டிருக்கு, எல்லாம் ஒரே லைன்ல இருக்கறதால மீட்டர் வெச்சா எல்லாமே ஷார்ட்னுதான் காட்டும். எது திருடன்னு எப்படி கண்டுபிடிக்கறது? பாய் அந்த லைனுக்கு வெளிய இருந்து ஒரு வோல்ட் மட்டும் குடுத்தார், கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினார், அந்த ஏரியா முழுக்க ஐபிஏ, அதாவது சீக்கிரம் காயற ஒரு ஆல்கஹால், தெளிச்சார். போர்டு முழுக்க ஈரம் மினுமினுன்னு இருக்கு, ஒரே ஒரு எடத்துல மட்டும் கடுகு அளவுக்கு டக்குனு காஞ்சுது. அவ்ளோ கரண்டும் அந்த ஒண்ணு வழியாத்தான் ஓடுது, அது மட்டும்தான் சூடாகுது. அதை எடுத்தார், ஷார்ட் போச்சு. பையன் வாயைத் தொறந்தவன் மூடவே இல்ல.

எங்க கார்டை ஆன் பண்ணினார், படம் வந்துச்சு, கார்டுக்கு முழு லோடு குடுக்கற ஃபர்மார்க் சாஃப்ட்வேரை இருபது நிமிஷம் ஓட்டினார், நிக்கல. 400 ரூபா வாங்கினார்.

வீட்டுக்கு வந்து மாட்டி பிளெண்டர் ஓடி எல்லாம் சந்தோஷமா இருந்தப்போ, கார்டோட விவரம் காட்டற ஜிபியு-இசட் சாஃப்ட்வேரை சும்மா தொறந்து பாத்தேன். பஸ் இன்டர்ஃபேஸ்ங்கற எடத்துல, அதாவது கார்டு மதர்போர்டோட பேசற வழியில, பிசிஐஇ எக்ஸ்16 3.0, அதுக்குப் பக்கத்துல எக்ஸ்8 1.1ன்னு இருந்துச்சு. 1.1 ஒண்ணும் பிரச்சனை இல்ல, சும்மா இருக்கறப்போ கரண்ட் மிச்சம் பண்ண வேகத்தைக் கொறைச்சுக்கும், லோடு குடுத்தா 3.0 ஆயிடும். ஆனா எக்ஸ்8? 16 லேன், அதாவது டேட்டா போற 16 பாதை, ஓட வேண்டிய எடத்துல 8 தான் ஓடுது.

மொதல்ல கார்டு மேல பழி போடல. மதர்போர்டு ரெண்டாவது ஸ்லாட்டுக்கு லேன் பிரிச்சுக் குடுத்திருக்கலாம், பாத்தேன், இல்ல. ஸ்லாட்ல சொருகற தங்கக் கலர் பல்லுல அழுக்கு இருக்கலாம், ரப்பர் வெச்சு தேச்சு ஐபிஏல தொடச்சேன், அப்பவும் எக்ஸ்8. அப்புறம்தான் பூதக்கண்ணாடி எடுத்தேன். கார்டோட பின்பக்கம், அந்தப் பல்லு வரிசைக்குக் கொஞ்சம் மேல, குட்டிக் குட்டியா பழுப்பு நெறத்துல ஒரு வரிசை கெப்பாசிட்டர் இருக்கும், ஒண்ணு 1 மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம். லேனுக்கு ரெண்டு, 16 லேனுக்கு 32. பையன் எண்ணினான், நான் எண்ணினேன், ரெண்டு பேருக்கும் 31 தான் வந்துச்சு. பிராக்கெட்டுக்கு எதிர்ப்பக்கம், வரிசையோட கடைசிக்கு முன்னாடி, ரெண்டு பேட் மட்டும் வெறுமனே பளபளன்னு இருந்துச்சு. எப்ப போச்சுன்னு தெரியல, அந்த இரும்புக் கூண்டுல உரசினப்பவா, இல்ல அதுக்கு முன்னாடியே பழைய ஓனர்கிட்ட இருந்தப்பவான்னு.

பாய் கடையில ஏன் தெரியலன்னா அவர் டெஸ்ட் பண்ணினது மைனிங் ரைசர்ல, அதாவது ஸ்லாட்ல இருந்து ஒயர்ல நீட்டிக் கார்டை மாட்டற சின்ன போர்டுல, அது ஒரே ஒரு லேன் மட்டும்தான் குடுக்கும், கடைசிப் பக்கத்து லேன் ஒண்ணு செத்திருந்தா அதுல எப்படித் தெரியும்.

இந்தக் குருணை டேங்க் வேலை பண்றதில்ல. கார்டும் மதர்போர்டும் வேற வேற வோல்ட்ல நிக்குது, இதோட நிலையான வோல்ட் அதுக்குப் போகக் கூடாது, மாறிக்கிட்டே இருக்கற சிக்னல் மட்டும் போகணும். வாசக்கதவைச் சாத்திட்டு உள்ளயும் வெளியயும் நின்னு பேசற மாதிரி, குரல் போகும், ஆள் போக முடியாது. அது இல்லன்னா அந்த லேன் ஊமை. அதுலயும் ஒரு லேன் ஊமையானா 15-ல ஓடாது, வரிசைப்படி அடுத்த சின்ன அளவுக்கு எறங்கிடும், மேல் எட்டுல எது போனாலும் 8, அதுக்குக் கீழ நாலுல போனா 4, இப்படியே. 3.0 வேகத்துல 16 லேன்னா நொடிக்கு 15.75 ஜிபி, 8 லேன்னா அதுல பாதி. 1060 மாதிரி கார்டுக்கு கேம்லயோ ரெண்டர்லயோ பெருசா வித்தியாசம் தெரியாது, நெஜம்தான். பையனே "விடு மாமா, ஓடுதுல்ல"ன்னான். எனக்கு விட மனசு வரல.

திரும்பவும் ரிச்சி ஸ்ட்ரீட். பாய் மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தார், "நான் எண்ணியிருக்கணும்"னார். இந்தக் குருணையில நம்பர் எதுவும் அச்சடிச்சிருக்காது, பாத்து அளவு சொல்ல முடியாது. பிசிஐஇ 3.0-க்கு 176-ல இருந்து 265 நானோஃபாரட்டுக்குள்ள இருக்கணும்னு விதி, எல்லாரும் போடறது 220. அவர்கிட்ட அதே தலைமுறைக் கார்டு ஒண்ணு சிப் செத்துக் கெடந்துச்சு, அதுல அதே எடத்துல இருந்து ஒண்ணைக் கழட்டி மீட்டர்ல வெச்சு சரியான்னு பாத்துட்டுத்தான் போட்டார். கெப்பாசிட்டர் விஷயத்துல சும்மா ஏதோ ஒண்ணு போட்டா சரியாயிடும்னு நெனைக்கறவங்களுக்கு 2020 செப்டம்பரை ஞாபகப்படுத்தணும், ஆர்டிஎக்ஸ் 3080 வந்த புதுசுல கேம் நடுவுல டெஸ்க்டாப்புக்கு வந்து விழுந்துச்சு, சிப்புக்கு நேர் பின்னாடி இருக்கற கெப்பாசிட்டர் மேல எல்லாரும் பார்வையைத் திருப்பினாங்க. ஈவிஜிஏ கம்பெனியே ஆறு எடத்துலயும் போஸ்கேப்ங்கற பெரிய பாலிமர் கெப்பாசிட்டர் வெச்ச டிசைன் எங்க டெஸ்ட்ல தேறல, அதனால நாலு போஸ்கேப்பும் 20 செராமிக்கும் வெச்சு அனுப்பறோம்னு வெளிப்படையா சொன்னாங்க. என்விடியா அந்த மாசக் கடைசியில புது டிரைவர் விட்டப்புறம்தான் அடங்குச்சு. அவ்ளோ விலைக் கார்டுக்கே அந்த நெலமை.

வெக்கறதுக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகல. பேட்ல ஃப்ளக்ஸ், ஒரு பக்கம் துளி ஈயம், ட்வீசர்ல குருணையைப் பிடிச்சு அந்த ஈயத்துல ஒட்டி, மறுபக்கம் ஈயம். பக்கத்துல இருக்கற பிளாஸ்டிக், டப்பா எதுக்கும் சூடு படக்கூடாதுன்னு சூடான காத்து அடிக்கற பிளோயரை அவர் தொடவே இல்ல. இந்தத் தடவை ரைசர்ல டெஸ்ட் பண்ணல, மூலையில இருந்த ஒரு முழு மதர்போர்டை எடுத்து நேரா ஸ்லாட்ல சொருகினார். எக்ஸ்16. காசு வாங்க மாட்டேன்னுட்டார், நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல. கெளம்பறப்போ அந்த சிப் செத்த கார்டையும் பையன் கையில குடுத்து "பழகு"ன்னார்.

அது இப்ப அக்கா வீட்ல அவன் டேபிள் மேல இருக்கு, நான் பட்டை டிப் ஒண்ணும் ஃப்ளக்ஸ் டப்பா ஒண்ணும் வாங்கிக் குடுத்தேன், ப்ரீஹீட்டருக்கு இப்ப காசு இல்ல. நேத்து வரைக்கும் அந்த வரிசையில இருந்து 11 குருணையை எடுத்துத் திரும்ப வெச்சிருக்கான், 2 எடத்துல பேட் உரிஞ்சிருக்கு, ஒண்ணு எங்கயோ பறந்து போச்சாம், நேத்து ராத்திரி முழுக்க தரையில டார்ச் அடிச்சுத் தேடிட்டு இருந்தான்னு அக்கா சொன்னா.